உமிழ்நீர்ப் பாதுகாப்பும் ஆக்சிசனேற்றத் தடுப்பிகளும்

தலை, கழுத்துப் பகுதியில் தோன்றும் புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் அளிக்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர்வீச்சுக்கு உள்ளாகின்றன. இதனால் உமிழ்நீர் குறைந்து வாய் உலர்ந்துபோகிறது. இந்நிலை கதிர்வீச்சு வாய் உலர்வு எனப்படும். இதனைத் தடுக்க உயிர்ச்சத்து ஈ, உயிர்ச்சத்து சி, பீட்டா கரோட்டீன் முதலிய ஆக்சிசனேற்றத் தடுப்பிகளை (எதிர் ஆக்சிசனேற்றிகள்) மாத்திரையாகத் தருவது பற்றிச் சென்னை, சியோல், கியூபெக் உள்ளிட்ட இடங்களில் ஆய்வுகள் நடந்துள்ளன. சில ஆய்வுகளில் உமிழ்நீர்ச் சுரப்பு ஓரளவு காக்கப்பட்டது. ஆனால் பெரிய ஆய்வு ஒன்றில், மாத்திரை உட்கொண்டவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. புற்றணுவை அழிக்கும் வேதிவினையும் சுரப்பியைச் சிதைக்கும் வேதிவினையும் ஒன்றாக இருப்பதே இச்சிக்கலின் அடிப்படையாகும்.

பின்னணி

தாமிரபரணி ஆறு பொதிகை மலையில் தோன்றி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வழியே ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. இவ்வாற்றின் பாசனத்தில் நெல், வாழை ஆகியவற்றுடன் வெற்றிலையும் பயிராகிறது. ஆற்றின் கடைப்பகுதியிலுள்ள ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. விருந்துக்குப் பின்னும் மங்கல நிகழ்ச்சிகளிலும் வெற்றிலை பாக்கு வழங்குவது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். அதனுடன் புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கமும் உண்டு.

புகையிலை சேர்ந்த தாம்பூலம் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றுநோய்க் காரணிகளே என்று 2004இல் வெளியான அதன் அறிக்கை உறுதிசெய்தது. இங்கு முதன்மைக் குற்றவாளிகள் பாக்கும் புகையிலையுமே. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் உதடு, வாய்க்குழிப் புற்றுநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் 1.4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிடுகிறது.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி நிறுவனம் 1954இல் சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. தென்கோடி மாவட்டங்களுக்கான அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் நிறுவப்பட்டது. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையம் 1981இல் அமைந்தது. நெல்லைச் சீமையிலிருந்து அங்குச் சென்று மருத்துவம் பெறுவோரும் உளர்.

கதிர் மருத்துவம் ஒரே நாளில் முடிவதன்று. வழக்கமாக வாரத்துக்கு 5 நாள்கள், 6 முதல் 7 வாரங்கள் வரை அளிக்கப்படுகிறது. நோயாளி இக்காலம் முழுவதும் மருத்துவமனைக்கு அருகில் தங்கவோ, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருவைகுண்டம் போன்ற ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து செல்லவோ வேண்டியுள்ளது. வாய் உலர்ந்து உணவு இறங்காத நிலையில், பாதியில் சிகிச்சையைக் கைவிடும் எண்ணம் தோன்றுவது இயல்பு. இடையில் நாள்கள் விடுபட்டால் எஞ்சிய புற்றணுக்கள் பெருகுகின்றன. எனவே உமிழ்நீரைக் காப்பது நோயாளியின் வசதியோடு மட்டும் நிற்கும் செய்தியன்று. சிகிச்சை முழுமை பெறுவதோடும் தொடர்புடையது.

உமிழ்நீர்ச் சுரப்பிகள்

மனிதருக்கு மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன.

* செவியடிச் சுரப்பி: காதின் முன்புறமும் கீழ்ப்புறமும் அமைந்தது. பாடநூல்களில் மேலண்ணச் சுரப்பி என்று குறிப்பிடப்படுவது இதுவே. நீர்த்த, நொதி மிகுந்த உமிழ்நீரைத் தருகிறது.
* கீழ்த்தாடைச் சுரப்பி: தாடை எலும்பின் உட்புறம் அமைந்தது. நீர்த்ததும் கோழை கலந்ததுமான உமிழ்நீரைத் தருகிறது.
* நாவடிச் சுரப்பி: நாக்கின் அடியில் உள்ளது. பெரும்பாலும் கோழைத்தன்மையான உமிழ்நீரைத் தருகிறது.

இவையன்றி உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உள்ளன. ஒரு நாளில் அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. உணவு உண்ணாத வேளையில் சுரப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து வருகிறது. மெல்லும்போது சுரப்பதில் பாதியளவைச் செவியடிச் சுரப்பி தருகிறது. ஆகவே செவியடிச் சுரப்பி கெட்டால் சோறு இறங்காது. கீழ்த்தாடைச் சுரப்பி கெட்டால் இரவில் நா ஒட்டிக்கொள்ளும்.

உமிழ்நீர் உணவை நனைத்து விழுங்க உதவுகிறது. சுவையை அறியச் செய்கிறது. பற்களின் மீது படியும் அமிலத்தைத் தணிக்கிறது. நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்துகிறது. பேச்சுக்கும் இன்றியமையாதது.

கதிர்வீச்சின் விளைவு

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, அறுவை செய்யாத நிலையில், வழக்கமாக 70 கிரே கதிர் ஏற்பளவு 35 தவணைகளில் தரப்படுகிறது. (கிரே என்பது ஒரு கிலோகிராம் திசு ஏற்கும் ஒரு சூல் ஆற்றலைக் குறிக்கும் அலகாகும்.) அறுவைக்குப் பின் தரும்போது பெரும்பாலும் 60 கிரே 30 தவணைகளில் அமைகிறது.

பொதுவாக விரைந்து பிரியும் உயிரணுக்களே கதிர்வீச்சால் முதலில் பாதிக்கப்படும். உமிழ்நீரைச் சுரக்கும் உயிரணுக்கள் மெதுவாகவே பிரிகின்றன. இருப்பினும் சிகிச்சையின் முதல் வாரத்திலேயே உமிழ்நீர் பாதியளவுக்குக் குறைந்துவிடக்கூடும். கதிருயிரியலில் இது நெடுநாளாக ஆராயப்பட்டுவரும் புதிராகும். சுரப்பு உயிரணுக்களின் சவ்வு கெடுவதால் நரம்புத் தூண்டலுக்கு அவை மறுமொழி தராமல் போவது தொடக்ககால இழப்புக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பின்னர் உயிரணுக்கள் அழிந்து, அவ்விடத்தில் நார்த்திசு வளர்வதால் இழப்பு நிலைத்துவிடுகிறது.

இதன் விளைவுகள்:

* உமிழ்நீர் குறைந்து, தடித்து, அமிலத்தன்மை அடைகிறது.
* உலர்ந்த உணவை விழுங்க இயலாமல் உடல் எடை குறைகிறது.
* பற்களின் கழுத்துப் பகுதியில் விரைவான சொத்தை தோன்றுகிறது.
* வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படுகிறது.
* சொத்தைப் பல்லைப் பின்னர் பிடுங்க நேர்ந்தால், கதிர்பட்ட தாடை எலும்பு ஆறாமல் இறந்துபோகும் இடர் உள்ளது.

தூண்டல் இல்லாத நிலையில் நிமிடத்துக்கு 0.1 மி.லி.க்கும் குறைவாகச் சுரந்தால் அது சுரப்புக் குறைவு எனக் கணிக்கப்படுகிறது. வாய் உலர்வு என்பது நோயாளியின் உணர்வு. சுரப்புக் குறைவு என்பது அளவீடு. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை நினைவில் கொண்டே ஆய்வு முடிவுகளைப் படிக்கவேண்டும்.

பாதிப்பின் வேதியியல்

எக்சு கதிரோ காமாக் கதிரோ உயிரணுவை இரு வழிகளில் தாக்குகிறது. நேரடியாக டி.என்.ஏ. இழையில் ஆற்றலைச் செலுத்தி அதனை முறிப்பது ஒரு வழி. உயிரணுவிலுள்ள நீரை அயனியாக்கி, அதிலிருந்து ஐதராக்சில் போன்ற தனி உறுப்புகளை (இயங்குறுப்புகள்) உண்டாக்கி, அவற்றின் மூலம் டி.என்.ஏ.வைச் சிதைப்பது மற்றொரு வழி. இணைசேராத எதிர்மின்னி கொண்ட தனி உறுப்பு மிகுந்த வினைத்திறன் உடையது. இக்கதிர்களால் டி.என்.ஏ.வுக்கு விளையும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இம்மறைமுக வழியில் நிகழ்கிறது.

இதில் ஆக்சிசனுக்கும் பங்குண்டு. தனி உறுப்பு தாக்கிய இடத்தில் ஆக்சிசன் சேர்ந்துவிட்டால் அச்சேதம் நிலைபெறுகிறது. ஆக்சிசன் குறைந்த திசுவில் அதே கதிர் ஏற்பளவு குறைவான பயனையே தருகிறது. கட்டியின் நடுப்பகுதியில் குருதியோட்டம் குறைந்திருப்பதால் அங்குள்ள புற்றணுக்கள் கதிர்வீச்சுக்குத் தப்புவது இக்காரணத்தாலேயே.

ஆக்சிசனேற்றத் தடுப்பி, தனி உறுப்புக்கு எதிர்மின்னியையோ ஐதரசன் அணுவையோ அளித்து அதன் வினைத்திறனை அடக்குகிறது. உயிர்ச்சத்து ஈ கொழுப்பில் கரைவதால் உயிரணுச் சவ்விலும், உயிர்ச்சத்து சி நீரில் கரைவதால் உயிரணுச் சாற்றிலும் செயற்படுகின்றன. உடலே ஆக்கும் குளூட்டாதயோனும், சூப்பராக்சைடு டிசுமியூட்டேசு என்னும் நொதியும் இப்பணியைச் செய்கின்றன.

மாத்திரையாக உட்கொண்ட உயிர்ச்சத்து, குருதி வழியே சுரப்பியை அடைவது போலவே கட்டியையும் அடைகிறது. நல்ல திசுவை மட்டும் தேர்ந்து காக்கும் இயல்பு அதற்கு இருப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே இத்துறையில் ஒவ்வோர் ஆய்வையும் நோக்கி இரு வினாக்கள் எழுப்பப்படுகின்றன. உமிழ்நீர் காக்கப்பட்டதா? புற்று மீளாமல் இருந்ததா? முதல் வினாவுக்கு மட்டும் விடை தரும் ஆய்வு முழுமையானதன்று.

ஆய்வுகள்

சென்னை ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையைச் சேர்ந்த சித்ரா, சியாமளா தேவி ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு 2008இல் இந்தியப் பல்மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. வாய்க்குழிப் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்ட 89 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கதிர் மருத்துவம் மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் ஆல்ஃபா டோக்கோஃபெரால் என்னும் உயிர்ச்சத்து ஈ சேர்த்துத் தரப்பட்டது. சிகிச்சைக்கு முன்னும், இடையிலும், முடிவிலும் உமிழ்நீர் திரட்டி ஆராயப்பட்டது.

கதிர் மருத்துவம் மட்டும் பெற்றவர்களிடம் ஆறு வாரங்களில் உமிழ்நீர் ஓட்டம், மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேசு நொதியின் செயல், புரதம், சோடியம் ஆகியன குறைந்தன, பொட்டாசியம் மிகுந்தது. உயிர்ச்சத்து ஈ பெற்றவர்களிடம் இம்மாற்றங்கள் குறைவாக இருந்தன. தமிழ்நாட்டு நோயாளிகளிடம், உமிழ்நீரையே அளந்து செய்யப்பட்ட ஆய்வு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் அளவீடுகள் சிகிச்சை முடிவோடு நிற்பதால், சில ஆண்டுகளுக்குப் பின் சுரப்பியின் நிலை என்ன, நோய் மீண்டதா என்னும் வினாக்களுக்கு இவ்வாய்வு விடையளிக்கும் வகையில் அமைக்கப்படவில்லை.

சியோல் ஆய்வு

தென்கொரியாவில் நடந்த சமவாய்ப்பு முறை ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளியாயின. இதில் 45 நோயாளிகள் பங்கேற்றனர். 25 பேர் 100 பன்னாட்டு அலகு உயிர்ச்சத்து ஈயும் 500 மி.கி. உயிர்ச்சத்து சியும் நாளுக்கு இருமுறை, கதிர் மருத்துவக் காலம் முழுவதும் உட்கொண்டனர். 20 பேருக்கு மருந்துப்போலி தரப்பட்டது. உயிர்ச்சத்துப் பிரிவில், சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் இருந்த வாய் உலர்வு ஆறாவது மாதத்தில் தணிந்திருந்தது. சுரப்பிகளின் செயலைக் காட்டும் கதிரியக்கப் படங்களும் அதற்கு இசைவாக இருந்தன. உயிர்வாழும் காலத்தில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

வேறுபாடு காணப்படவில்லை என்பதை, வேறுபாடு இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. 45 பேர் கொண்ட ஆய்வில், நோய் மீள்வதில் ஏற்படும் சிறிய அல்லது நடுத்தர வேறுபாடு புலப்படாது. உமிழ்நீர் போன்ற அளவு ஒவ்வொருவரிடமும் கிடைக்கிறது. எனவே சிறு எண்ணிக்கையே போதும். நோய் மீளலும் இறப்பும் சிலரிடமே, பல ஆண்டுகளில் நிகழ்பவை. அவற்றை ஒப்பிட நூற்றுக்கணக்கானோர் தேவை.

கியூபெக் ஆய்வு

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தொடக்க நிலைத் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் சமவாய்ப்பு முறை ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினர் நாளொன்றுக்கு 400 பன்னாட்டு அலகு உயிர்ச்சத்து ஈ, 30 மி.கி. பீட்டா கரோட்டீன் ஆகியவற்றைக் கதிர் மருத்துவக் காலத்திலும் அதன்பின் மூன்று ஆண்டுகளும் உட்கொள்ளுமாறு திட்டமிடப்பட்டது. 156 பேர் சேர்ந்த நிலையில் பீட்டா கரோட்டீன் நிறுத்தப்பட்டது. புகைப்பிடிப்போர் பீட்டா கரோட்டீன் மாத்திரை உட்கொண்டால் நுரையீரல் புற்றுநோய் மிகும் என்பது, 29,133 பேர் பங்கேற்று 1994இல் வெளியான பின்லாந்து ஆய்விலும் அதையடுத்து அமெரிக்க ஆய்விலும் தெரியவந்திருந்ததே காரணம். அதன்பின் உயிர்ச்சத்து ஈ மட்டும் தொடர்ந்தது.

2005 முதல் 2008 வரை வெளியான முடிவுகளின் சுருக்கம் வருமாறு:

* இரு உயிர்ச்சத்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் கதிர் மருத்துவக் காலத்தின் கடும் பக்கவிளைவுகள் குறைந்தன.
* நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் உயரவில்லை.
* அதே இடத்தில் கட்டி மீளும் வீதம் உயிர்ச்சத்துப் பிரிவில் 1.37 மடங்காக இருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய எல்லைக்குள் அமைந்தது.
* எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பு வீதம் உயிர்ச்சத்துப் பிரிவில் 1.38 மடங்காக இருந்தது. இது புள்ளியியல் அடிப்படையில் பொருளுடைய வேறுபாடாகும்.
* கதிர் மருத்துவக் காலத்திலும் புகைப்பதைத் தொடர்ந்தவர்களிடமே கேடு குவிந்திருந்தது. அவர்களுள் உயிர்ச்சத்து உட்கொண்டோரிடம் நோய் மீளல் 2.41 மடங்காகவும், இறப்பு 2.26 மடங்காகவும் இருந்தன.

மூன்று ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பவையல்ல. பக்கவிளைவு தணிகிறது என்பதில் மூன்றும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. எண்ணிக்கையாலும் காலத்தாலும் பெரிய ஆய்வு மட்டுமே இரண்டாம் வினாவுக்கு விடை தேடியது. அவ்விடை அச்சமூட்டுவதாக அமைந்தது. கியூபெக்கில் மாத்திரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது, சியோலில் சிகிச்சைக் காலத்தோடு நின்றது என்னும் வேறுபாட்டையும் கருதவேண்டும். குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத் தருவது தீங்கற்றதா என்பதற்குப் பெரிய ஆய்வின் சான்று தேவைப்படுகிறது.

அமிஃபோசுட்டின்

தனி உறுப்புகளை அடக்கும் மருந்துகளுள் உமிழ்நீர்ப் பாதுகாப்புக்கென ஒப்புதல் பெற்றது அமிஃபோசுட்டின் ஆகும். அணுக்கதிரிலிருந்து படைவீரரைக் காப்பதற்காக அமெரிக்கப் படைத்துறையின் வால்டர் ரீடு ஆய்வு நிறுவனத்தில் இது உருவாக்கப்பட்டது. இது செயலற்ற வடிவில் உடலுள் சென்று, அல்கலைன் பாசுபட்டேசு என்னும் நொதியால் செயல்வடிவம் பெறுகிறது. இந்நொதி கட்டியைவிட நல்ல திசுக்களில் மிகுதியாகச் செயற்படுவதால், பாதுகாப்பும் நல்ல திசுவுக்கே மிகுதியாகக் கிடைக்கும் என்பது இதன் கோட்பாடு. உயிர்ச்சத்து மாத்திரைகளுக்கு இத்தகைய தேர்வுத்தன்மை அறியப்படவில்லை.

2000ஆம் ஆண்டு வெளியான, 303 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், சிகிச்சைக் கால வாய் உலர்வு 78 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாகவும், நீடித்த வாய் உலர்வு 57 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடாகவும் குறைந்தது. எனினும் ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் சிரை வழியே செலுத்தவேண்டியிருப்பதும், வாந்தியும், குருதி அழுத்தம் திடீரெனத் தாழ்வதும் இதன் குறைகளாகும். கதிர் மருத்துவக் கருவிகள் மேம்பட்டபின் இதன் பயன்பாடு சுருங்கியது.

கதிர் ஏற்பளவைக் குறைத்தல்

சுரப்பியைக் காப்பதற்கு உறுதியான வழி, அதன்மீது கதிர் படாமல் பார்த்துக்கொள்வதாகும். கோபால்ட்டு-60 கருவியால் சிகிச்சை தரும்போது பெரும்பாலும் முகத்தின் வலப்புறத்திலிருந்தும் இடப்புறத்திலிருந்தும் எதிரெதிராகக் கதிர் செலுத்தப்பட்டது. இரு செவியடிச் சுரப்பிகளும் அக்கற்றைகளின் பாதையிலேயே அமைவதால், கட்டி பெறும் கதிரைச் சுரப்பிகளும் பெருமளவு பெற்றன.

நேரியல் முடுக்கி, கணினிவழித் திட்டமிடல் ஆகியவற்றின் துணையால் செறிவு மாற்றியமைத்த கதிர் மருத்துவம் (ஐ.எம்.ஆர்.டி.) வழக்கத்துக்கு வந்தது. இதில் பல திசைகளிலிருந்து வரும் கற்றைகளின் செறிவு இடத்துக்கு இடம் மாற்றப்பட்டு, கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிர் வார்க்கப்படுகிறது. செவியடிச் சுரப்பி பெறும் சராசரி அளவு 25 அல்லது 26 கிரேக்குக் குறைவாக இருந்தால் அதன் சுரப்பு காலப்போக்கில் மீளும் வாய்ப்புள்ளது.

பிரித்தானியாவில் 94 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய் உலர்வு பழைய முறையில் 74 விழுக்காட்டினரிடமும், ஐ.எம்.ஆர்.டி. முறையில் 38 விழுக்காட்டினரிடமும் இருந்தது. மும்பை டாட்டா நினைவு மையத்தில் 60 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, ஐ.எம்.ஆர்.டி.யை முப்பரிமாண முறையுடன் ஒப்பிட்டது. சிகிச்சைக் காலச் சுரப்பிப் பாதிப்பு முப்பரிமாண முறையில் 89 விழுக்காடாகவும் ஐ.எம்.ஆர்.டி.யில் 59 விழுக்காடாகவும் இருந்தது. மாத்திரையால் கிடைப்பதாகச் சொல்லப்படும் பயனைவிட இப்பயன் உறுதியானது. கட்டியைக் காத்துவிடுமோ என்னும் ஐயமும் இதில் மாத்திரையளவுக்கு எழுவதில்லை. ஆனால் கட்டி சுரப்பியை ஒட்டியே அமைந்திருந்தால் அப்பக்கத்துச் சுரப்பியைக் காக்க இயலாது.

உலர்ந்த பின் செய்யத்தக்கவை

எஞ்சிய சுரப்புத் திசுவைத் தூண்டப் பைலோகார்ப்பின் மாத்திரை தரப்படுகிறது. தென்னமெரிக்கச் சபோராண்டித் தாவரத்திலிருந்து பெறப்படும் இம்மருந்து, சுரப்பியின் மசுக்காரினிக் ஏற்பிகளைத் தூண்டுகிறது. வியர்வை மிகுதல் இதன் பொதுவான பக்கவிளைவு. கட்டுக்குள் இல்லாத ஈளை நோய், குறுங்கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் வேதிப்பொருளும் இதே ஏற்பிகளைத் தூண்டுவதே, தாம்பூலம் தரித்ததும் வாயில் நீர் ஊறுவதற்கு ஒரு காரணமாகும். வாய் உலர்ந்த நோயாளி, இவ்வனுபவத்தை நினைத்து மீண்டும் பாக்குக்குத் திரும்பும் இடர் இருக்கிறது. வெற்றிலையில் ஆக்சிசனேற்றத் தடுப்புப் பொருள்கள் உள்ளன என்பது உண்மையே. அதனால் பாக்கும் புகையிலையும் தரும் கேடு நீங்கிவிடாது.

அன்றாடக் கவனிப்பில் பின்வருவன அடங்கும்:

* கதிர் மருத்துவம் தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டி, கெட்ட பற்களை அகற்றிப் புண் ஆறவிடுதல்.
* புளூரைடு கலந்த பற்பசையை நாள்தோறும் பயன்படுத்துதல்.
* சிறிது சிறிதாக அடிக்கடி நீர் அருந்துதல். உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் வாய் கொப்பளித்தல்.
* சர்க்கரையற்ற மெல்லு பசையால் சுரப்பைத் தூண்டுதல்.
* புகைத்தல், புகையிலை, மது ஆகியவற்றை அறவே விடுதல்.

வறட்டுத் தொண்டைக்குப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது தென்மாவட்டங்களில் வழக்கம். உமிழ்நீர் உள்ளவருக்கு இது பெரிதும் தீங்கில்லை. உமிழ்நீர் அற்ற வாயில் இனிப்பு நெடுநேரம் தங்குவது பற்சொத்தையை விரைவுபடுத்தும். உணவில் உலர்ந்ததும் காரமானதும் தவிர்த்து, குழைந்ததும் நீர்ப்பதமானதும் சேர்த்துக்கொள்ளப்படும். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த திருநெல்வேலிச் சொதி, இஞ்சியும் மிளகாயும் குறைத்துச் சமைக்கப்பட்டால், குழைந்த சோற்றை விழுங்க ஏற்ற துணையாகும்.

உணவும் மாத்திரையும்

ஆக்சிசனேற்றத் தடுப்பிகள் தீயவை என்று இவ்வாய்வுகளிலிருந்து முடிவு செய்வது தவறாகும். நெல்லிக்காயில் ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு உயிர்ச்சத்து சி உள்ளது. முருங்கைக்கீரையில் பீட்டா கரோட்டீனும், நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துகளில் உயிர்ச்சத்து ஈயும் உள்ளன. உணவின் வழி கிடைக்கும் அளவு உடலின் இயல்பான தேவையை ஒட்டியது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மி.கி. உயிர்ச்சத்து ஈ போதுமானதாகக் கருதப்படுகிறது. கியூபெக் ஆய்வில் தரப்பட்டதும், மருந்துக் கடைகளில் மென்குளிகையாக விற்கப்படுவதும் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேற்பட்டவை. எனவே கீரையும் பழமும் உண்பதற்குத் தடையில்லை. வாய்ப்புண் உள்ள காலத்தில் புளிப்பான பழங்கள் எரிச்சல் தரும் என்பதால் மட்டும் அவை தவிர்க்கப்படலாம்.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. சித்த மருத்துவம் இப்பகுதி மக்களின் வாழ்வோடு கலந்தது. நெல்லிக்காய் இலேகியம் போன்றவற்றைச் சத்துக்காக உண்போர் பலர். இவற்றையோ உயிர்ச்சத்துக் குளிகைகளையோ உட்கொள்ளும் நோயாளி, அதனைக் கதிர் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். மருத்துவர் கேட்காமலும் சொல்லவேண்டிய செய்தி இது. ஏனெனில் குளிகை கட்டியைக் காத்தால், அதன் விளைவு சிகிச்சைக் காலத்தில் வெளிப்படாது. வாய் நலமாக இருப்பதுபோலவே தோன்றும். புற்று மீண்டபின்னரே தெரியவரும்.

வழிகாட்டு நெறிகள்

புற்றுநோய் ஆதரவு மருத்துவத்துக்கான பன்னாட்டு அமைப்பு, வாய்ப் புற்றியலுக்கான பன்னாட்டுக் கழகம், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் ஆகியவை இணைந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சுரப்பிகளைக் காக்க ஐ.எம்.ஆர்.டி. முறையைப் பரிந்துரைக்கிறது. உயிர்ச்சத்து ஈயையோ பிற ஆக்சிசனேற்றத் தடுப்பிகளையோ இந்நோக்கத்துக்காகப் பயன்படுத்தலாகாது எனவும் அது கூறுகிறது. போதிய சான்று இல்லாமையும், புற்றுநோய்ச் சிகிச்சையின் பயனைக் குறைத்துவிடக்கூடும் என்னும் அச்சமும் காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன. ஊட்டக்குறைவு கண்டறியப்பட்டவருக்கு மருத்துவர் தரும் உயிர்ச்சத்து இதிலிருந்து வேறானது. அதனை நோயாளி தாமாக நிறுத்துவதும் தக்கதன்று.

இவற்றையும் பார்க்கவும்

* கதிர் மருத்துவம்
* வாய்ப் புற்றுநோய்
* உமிழ்நீர்
* உயிர்ச்சத்து ஈ
* நேரியல் முடுக்கி
* தாம்பூலம்